சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு: தூரமும் பறக்கும் காலமும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலே மகனைச் சிங்கப்பூருக்கு வழியனுப்பும் தாயார், "அந்த ஊர் எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டால், விடை சொல்லுகிறவர் யார் என்பதைப் பொறுத்து விடையும் மாறிவிடுகிறது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் 4 மணி 20 நிமிஷம் என்பார். அந்த டிக்கெட்டைக் கையில் வாங்கிப் படிக்கும் பேத்தி, இரவு 11.15-க்குப் புறப்பட்டுக் காலை 6.05-க்குப் போய்ச் சேருவதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு, ஏறக்குறைய 7 மணி நேரம் என்பாள். போன வருஷம் போய்வந்த அடுத்த வீட்டுக்காரர், வாசலில் காரில் ஏறியது முதல் அங்கே அறைக்கதவைத் திறந்தது வரையில் கணக்கிட்டு, கிட்டத்தட்ட ஒரு நாள் என்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டனாரோ, தம் தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய காலத்தை நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் என்பார். இந்த நால்வரில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் அளந்த பொருள் வேறு. பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் இந்த அளவுகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே அறிந்துகொண்டால், வழியில் நேரும் சங்கடங்களிற் பாதி புறப்படுமுன்பே நீங்கிவிடும் என்பது நான் அனுபவத்தில் கண்ட விஷயமாதலால், தமிழ்நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் இந்தச் சென்னை - சிங்கப்பூர் வழியையே உதாரணமாக வைத்துக்கொண்டு அவற்றை விளக்க முற்படுகிறேன்.

இவற்றுள் மாறாத அளவு தூரம் ஒன்றே. மீனம்பாக்கத்து விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் மேற்பரப்பை ஒட்டியபடி அளந்தால் கிடைக்கும் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். அதுவே தரை மைலில் சுமார் 1,815, கடல் மைலில் சுமார் 1,580. ஒரு புத்தகத்தில் 2,900 என்றும் வேறொன்றில் 2,930 என்றும் காணப்பட்டால் மனம் கலங்க வேண்டியதில்லை. ஒருவர் விமான நிலையத்திலிருந்து அளந்திருப்பார், மற்றவர் நகரத்தின் நடுவிலிருந்து அளந்திருப்பார். விமானிகளும் மாலுமிகளும் இன்றளவும் கைவிடாத கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர் ஆகும். பூமியின் மையத்தில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு கலை, மேற்பரப்பில் எவ்வளவு நீளத்துக்கு விரிகிறதோ அந்த நீளத்தைக் கொண்டே அது ஏற்பட்டதாதலால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 26 பாகையும் சிறிது பின்னமும் உண்டு என்று அறிந்தவர், அதை 60-ஆல் பெருக்கிய மாத்திரத்தில் கடல் மைலைச் சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்குகளில் ருசி இல்லாதவர்கள், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உபயோகிக்கும் உலக உருண்டை ஒன்றையும் ஒரு முழம் நூலையும் எடுத்துக்கொண்டால் போதும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையானால் அதன் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவோ ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே நூலில் ஒரு சென்டிமீட்டர் என்பது பூமியில் 425 கிலோமீட்டருக்குச் சமம். நூலின் ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியைச் சிங்கப்பூரிலும் வைத்துத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அது 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கக் காணலாம். உலகத்தில் எந்த இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டாலும் இந்த நூல் முறை உத்தேசமான விடையைத் தந்துவிடும். சுவரில் மாட்டிய தட்டையான படத்தின்மேல் அளவுகோலை வைத்து அளப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். உருண்டையை உரித்துத் தட்டையாக்கிய அந்தப் படம் துருவங்களை நோக்கிப் போகப் போக நிலத்தை அகலப்படுத்திக் காட்டுவதால், தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகும் விமானம் வடக்கே வெகு தூரம் ஏறி வளைவது வீண் சுற்று என்று படத்தைப் பார்ப்பவர் நினைப்பார். நூலை உருண்டையில் இழுத்துப் பிடித்தவரோ, வடக்கே ஏறும் அந்த வழிதான் குறுகிய வழி என்பதைக் கண்ணாரக் காண்பார். நம்முடைய சிங்கப்பூர் வழி பூமத்திய ரேகையை அடுத்து அமைந்திருப்பதால் இந்தப் பேதம் அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

நூல் கிடக்கும் கோட்டைப் பின்தொடர்ந்தால், சென்னைக் கடற்கரையை விட்டதும் வங்காள விரிகுடாவின்மேல் தென்கிழக்காக நெடுந்தூரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு கிரேட் நிக்கோபார் தீவின் தெற்கு முனைக்கு அருகிலும், சுமாத்திராவின் வடகோடியாகிய ஆச்சே பிரதேசத்தின்மீதும், மேடான் நகரத்தின் பக்கமாகவும் சென்று, மலாக்கா நீரிணையைக் கடந்து அந்தக் கோடு சிங்கப்பூரில் இறங்குகிறது. சோழர் காலத்துக் கப்பல்களும் இந்தக் கடலையும் இந்த நீரிணையையுமே நாடிச் சென்றன என்பதை எண்ணுகையில், ஜன்னலோரத்து இருக்கையில் உறங்கிக்கொண்டு போவது எனக்கு மனம் ஒப்புவதில்லை. உண்மையில் விமானம் நூல் பிடித்தாற்போல் பறப்பதும் இல்லை. வகுக்கப்பட்ட வான்வழிகளை அது அநுசரிக்க வேண்டும். மேகத்தை விலக்க வேண்டும். அன்றைக்குக் காற்று வீசும் திசைக்கேற்ற ஓடுபாதையில் இறங்குவதற்காக நகரத்தைச் சற்றுச் சுற்றவும் வேண்டும். ஆதலால் பறக்கும் தூரம் அளந்த தூரத்தைவிட எப்பொழுதும் கொஞ்சம் கூடியே இருக்கும்.

இங்கே, டிக்கெட் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கோலாலம்பூரில் விமானம் மாறிச் சிங்கப்பூர் போவது பெரிய சுற்று என்றே பலரும் கருதுகிறார்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் சுமார் 2,630 கிலோமீட்டர். அங்கிருந்து சாங்கி 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் கூட்டினால் நேர்வழித் தூரமே வந்துவிடுகிறது, ஏனென்றால் கோலாலம்பூர் அந்த நேர்வழிக்கு வெகு அருகிலேயே அமைந்திருக்கிறது. கொழும்பு வழியாகப் போனாலோ, சுமார் 650 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, பிறகு 2,750 கிலோமீட்டர் கிழக்கே போக நேர்வதால், 480 கிலோமீட்டர் அதிகப்படும். ஆனால் பிரயாணியின் பொழுதை விழுங்குவது இந்தக் கிலோமீட்டர்கள் அல்ல. இறங்கி, காத்திருந்து, மறுபடியும் ஏறுவதற்குள் கழியும் மணிகள்தாம். கோலாலம்பூர் வழியில் தூரம் சிறிதும் கூடாதிருந்தும் மூன்று நான்கு மணி நேரம் கூடிவிடுவது சாதாரணம். பணம் கணிசமாக மிச்சமானால் ஒழிய, முதியவர்களையும் கைக்குழந்தையோடு போகிறவர்களையும் நான் இந்த வழியில் அனுப்புவதில்லை.

இதைவிட முக்கியமானது, எந்த ஊரில் விமானம் ஏறுவது என்பது. திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானங்கள் உண்டு. அந்தத் தூரம் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போவதைவிட ஆகாயத்தில் 60 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது நாலைந்து நிமிஷம். தஞ்சாவூர்க்காரரோ புதுக்கோட்டைக்காரரோ, சென்னைதான் பெரிய நிலையம் என்று எண்ணிக்கொண்டு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலும் காரிலும் அலைந்து, அந்த நாலைந்து நிமிஷத்தை மிச்சப்படுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது.

இனிப் பறக்கும் காலத்தைக் கவனிப்போம். இன்றைய ஜெட் விமானம், பத்து பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்டபின், காற்றின் துணையோ எதிர்ப்போ இல்லாத நிலையில் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் என்று வைத்துக்கொள்ளலாம். 2,900 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் 3 மணி 25 நிமிஷம் வருகிறது. ஆனால் தரையிலிருந்து மேலே ஏறும்போதும் மேலிருந்து இறங்கும்போதும் அந்த வேகம் இராது. அதற்காக அரை மணியும், ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்வதற்கும் முறைக்காகக் காத்து நிற்பதற்கும் மேலும் கால் மணியோ இருபது நிமிஷமோ சேர்க்க வேண்டும். இப்படிக் கூட்டினால் 4 மணி 10 நிமிஷம் முதல் 4 மணி 15 நிமிஷம் வரை வரும். கால அட்டவணைகளில் காண்பதும் ஏறத்தாழ அதுவே. அட்டவணையில் கண்ட காலம், சக்கரம் தரையை விட்டது முதல் தரையைத் தொட்டது வரையில் உள்ள காலம் அன்று. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் அசையாமல் நிற்பது வரையில் உள்ள காலமாகும். ஆகையினால்தான், 20 நிமிஷம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நாட்களில் குறித்த நேரத்திலேயே போய் நின்றுவிடுகிறது. எந்த இரு நகரங்களுக்கும், தூரத்தை 850-ஆல் வகுத்து முக்கால் மணியைக் கூட்டிக்கொள்வது என்ற இந்த எளிய வழி பெரும்பாலும் பிழைபடுவதில்லை.

பாட்டனார் சொன்ன ஒரு வாரமும் இதே வகையான வகுத்தல்தான். மணிக்கு 12 கடல் மைல் போகும் நீராவிக் கப்பலுக்கு 1,580 கடல் மைலைக் கடக்க ஐந்தரை நாள் வேண்டும். வழியில் நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் நின்று ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கினால் வாரம் நிறைந்துவிடும். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் அநேக ஆண்டுகள் இந்த வழியில் ஓடியது. அதில் போகாத குடும்பம் இல்லை என்று சொல்லத்தக்க ஊர்கள் நம் கடற்கரையோரத்தில் இன்றும் இருக்கின்றன. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985-இல் தீவிபத்துக்கு இரையானதோடு அந்தக் கடல் வழிப் பிரயாணமும் முடிவுற்றது. கப்பலில் போனவர் வாரம் முழுவதும் சிறிது சிறிதாகக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே போனதால், போய்ச் சேர்ந்த ஊரின் பொழுதுக்கு உடம்பும் மெல்லப் பழகிக்கொண்டது. அந்தச் சௌகரியம் விமானத்தில் போகிறவருக்கு இல்லை.

காலத்தை மாற்றவல்ல மற்றொரு சக்தி காற்று. கிழக்கே போகும்போது ஒரு நேரமும் மேற்கே திரும்பும்போது ஒரு நேரமும் ஆவதைக் கண்ட சிலர், பூமி சுழலுவதால்தான் அப்படி ஆகிறது என்று காரணம் கற்பிக்கிறார்கள், அது சரியன்று. பூமியோடு சேர்ந்து அதைப் போர்த்திய காற்று மண்டலமும் சுழல்வதால், விமானத்துக்கு அந்தச் சுழற்சியால் நேரடியான லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மேலே தனியாக வீசும் காற்றே வித்தியாசத்துக்குக் காரணம். அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று எவ்வளவு பலமுள்ளது என்பதற்கு, 2020 பிப்ரவரியில் புயற் காலத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்து சென்றதை உதாரணமாகச் சொல்லலாம். நம்முடைய பக்கத்திலோ, தென்மேற்குப் பருவக் காலத்தில், தரையில் மேற்கிலிருந்து காற்று வீசும் அதே மாதங்களில், பதினான்கு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து ஒரு பெரும் காற்றோட்டம் தென்னிந்தியாவின்மேல் பாய்கிறது. இதை ஆராய்ந்து 1958-இல் உலகத்துக்கு விளக்கிக் காட்டியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் என்பது பெருமைக்குரியது. நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஓடும் ஆற்றை நம்மவர் ஒருவரே வெளிப்படுத்தினார் என்ற செய்தி பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஓட்டத்தின் நடுப்பகுதி விமானங்களின் பாதைக்கு மேலே இருந்தாலும், அதன் விளிம்பு கீழேயும் உறைக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று கொண்டால், சிங்கப்பூர் போவதற்குக் கால் மணி கூடும். திரும்புகையில் அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் அநேகமாகக் கால் மணி குறையும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் போகும் காலத்துக்கும் வரும் காலத்துக்கும் அரை மணி வித்தியாசம் காணப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது கடிகாரத்தைப் பற்றியது. பிரயாணிகளை அதிகமாக ஏமாற்றுவதும் இதுவே. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படும்; உலகம் முழுவதும் இதற்கு விலக்கே இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே போகும்போது டிக்கெட்டில் தெரியும் வித்தியாசத்திலிருந்து இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும்; வரும்போது இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். இரவு 8 மணிக்குச் சாங்கியில் கிளம்பும் விமானம் 9.45-க்கே சென்னையில் வந்து நிற்பதாகக் காண்பது ஒன்றேமுக்கால் மணிப் பிரயாணம் அன்று, நாலே கால் மணிப் பிரயாணமே. சூரியனைக் கொண்டு பார்த்தால் இரு ஊர்களுக்கும் உள்ள பேதம் ஒரு மணி 35 நிமிஷந்தான். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம், 24 பாகைக்குச் சற்றுக் குறைந்த இடைவெளிக்கு அவ்வளவே வரும். மிச்சமுள்ள சுமார் ஒரு மணி நேரம் அரசாங்கங்களின் தீர்மானத்தால் ஏற்பட்டது. 1981 முடியும் வரையில் சிங்கப்பூர் நமக்கு இரண்டு மணி நேரமே முந்தியிருந்தது. மலேசியா தன் நேரத்தை மாற்றியபோது தானும் மாற்றிக்கொண்டு, 1982 ஜனவரி முதல் தேதியிலிருந்து அரை மணியை முன்னே தள்ளிவைத்தது. இதனால் அங்கே கதிரவன் உதிப்பது காலை 7 மணி அளவில்; 6.05-க்கு இறங்குகிறவர் வெளியே இன்னும் இருட்டாக இருப்பதைக் கண்டு கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கடிகாரத்தைவிடக் கொடியது தேதி. எனக்கு நெருங்கிய முதியவர் ஒருவர், பேரன் பிறந்திருப்பதைப் பார்க்கப் பல மாதம் காத்திருந்து, 15-ஆம் தேதி 00.30 என்று அச்சிட்டிருந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, 15-ஆம் தேதி இரவு 10 மணிக்கு, பலகாரக் கூடைகளோடு விமான நிலையத்துக்கு வந்து நின்றார். விமானமோ இருபத்தொன்றரை மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது. அவரிடம் கோளாறு ஒன்றும் இல்லை. நம் வழக்கில் நாள் விடியலோடு தொடங்குகிறது, கால அட்டவணையில் நடுநிசியோடு தொடங்குகிறது. இந்த இரண்டு வழக்கங்களுக்கும் நடுவே அந்த டிக்கெட் அகப்பட்டுக்கொண்டது. நடுநிசி 12-க்கும் விடிகாலை 4-க்கும் இடையே புறப்படும் விமானமானால், டிக்கெட்டைக் கையில் வாங்கியவுடனே அதன்மேல் "14-ஆம் தேதி இரவு உணவுக்குப்பின் புறப்பாடு" என்பதுபோல் தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். மின்னஞ்சலில் வந்த டிக்கெட்டானால் காகிதத்தில் எடுத்து எழுதுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடும் முழு நேரத்துக்கு, புறப்படும் நேரத்துக்கு 3 மணி முன்பாக நிலையத்தில் இருப்பதையே ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி ஒப்படைக்கும் ஜன்னல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிடும். அந்த 3 மணியோடு, இறங்கியபின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிக்குமாக ஒரு மணியும், இரு பக்கத்துச் சாலைப் பிரயாணமும் சேர்த்தால், சென்னைவாசிக்கே 10 மணி நேரம் ஆகிவிடும். வெளியூர்க்காரருக்கு அடுத்த வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு நாள் சரிதான். சிங்கப்பூர் அரசாங்கம் இலவசமாக ஏற்றுக்கொள்ளும் மின்னணு வருகை அட்டையைச் சேரும் நாளையும் உட்படுத்தி 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இரவு விமானத்தில் போகிறவருக்குச் சேரும் நாள் என்பது மறுநாள் என்பதை இங்கேயும் மறக்கலாகாது.

இயற்கையும் குறுக்கிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவ மழையும் புயலும் சென்னை நிலையத்தைச் சில சமயம் முடக்கிவிடுகின்றன. சிங்கப்பூர்ப் பக்கத்திலோ, ஏப்ரல் முதல் நவம்பர் வரையில், சுமாத்திராக் காற்று என்று அங்கே வழங்கும் இடிமழை, நீரிணையைத் தாண்டி வந்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலுமே நகரத்தைத் தாக்குகிறது. அது நம்முடைய இரவு விமானங்கள் போய்ச் சேரும் வேளையாக இருப்பதால், கீழே இறங்க அநுமதி கிடைக்காமல் இருபது முப்பது நிமிஷம் மேலேயே வட்டமிட நேரலாம். இதற்கென்றே எரிபொருள் மிகுதியாக வைத்திருப்பார்கள்; பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே காலையில் வேறொரு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர், இரண்டுக்கும் நடுவே 3 மணி நேரமாவது விட்டு வைக்க வேண்டும்.

அழைத்துப்போக அங்கே வருகிறவருக்குச் செய்தி அனுப்பும்போது, "இரவு 11 மணிக்கு ஏறுகிறேன்" என்று மட்டும் எழுதாமல், விமான எண்ணையும், சிங்கப்பூர்க் கடிகாரப்படி சேரும் நேரத்தையும், சிங்கப்பூர்த் தேதியையும், எந்த முனையத்தில் இறங்குவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாங்கியில் நான்கு முனையங்கள் இருக்கின்றன. காலை 6.05 என்று எழுதியிருந்தால், பெட்டியோடு வெளியே வர 7 மணி ஆகும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால், வருகிறவர் விடியலில் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்கிவிட்டு வருவார்.